காடுகாண் காதையிலிருந்து ஒரு கணினி விளையாட்டு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமுளியில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரம் முதலில் ஒரு ஜீப் பயணமாகத்தான் அறிமுகமாகிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் போக அனுமதி உண்டு. இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யும் அந்த நாளில் பலர் குமுளியிலிருந்து ஜீப்பிலும், மற்றவர்கள் தமிழகப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தும் மலையேறுவார்கள். அந்தக் கூட்டத்தில் பலமுறை நின்றிருந்த எனக்கு, கண்ணகி நடந்த வழியை ஒரு சிறிய கணினி விளையாட்டாகச் செய்து பார்க்கும் ஆசை வந்ததும், அதை மூன்று முறை தவறாகச் செய்து நான்காம் முறை ஓரளவு சரியாகச் செய்ததும் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இலக்கியத்தை அடிப்படையாகக் கொண்டு விளையாட்டு வடிவமைக்க விரும்பும், ஆனால் இதற்கு முன் ஒரு விளையாட்டும் செய்திராத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய மடிக்கணினி, ஒரு நோட்டு, சில வார இறுதி நாட்கள் போதும். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மதுரைக் காண்டத்தின் முதற் காதையான காடுகாண் காதை. நீங்கள் வேறு நூலை எடுத்தாலும் படிகள் இவையே.

முதற்படி: நூலை விட்டு ஒரு பகுதியை மட்டும் எடுத்தல்

சிலப்பதிகாரத்தில் முப்பது காதைகள் உள்ளன. முப்பதையும் விளையாட்டாக்கத் தொடங்குபவர் புகார் நகரத்து இந்திர விழாவிலேயே களைத்துப்போவார். நான் அப்படித்தான் களைத்தேன். முதல் முயற்சியில் நான்கு மாதம் செலவழித்துப் பூம்புகாரின் கடைத்தெருவை வரைந்து முடித்தபோது, என்னிடம் ஒரு கடைத்தெரு இருந்ததே தவிர, விளையாடுபவர் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒருவர் ஒரே அமர்வில், பத்துப் பதினைந்து நிமிடத்தில், முடிக்கக்கூடிய அளவே முதல் விளையாட்டுக்குச் சரியான அளவு. அதற்கு ஒரு காதை போதும். சில வேளைகளில் ஒரு காதையின் பாதியே போதும்.

எந்தப் பகுதி என்று தேர்வதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது. பாத்திரங்கள் ஏதேனும் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டிய இடமாக அது இருக்க வேண்டும். கானல்வரி என்ற காதை அழகின் உச்சம். ஆனால் அங்கே நடப்பது பாட்டும் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதும்தான், அதை விளையாட்டாக்குவது தேர்ந்த கைகளுக்கே கூடிவரும். காடுகாண் காதையிலோ வழி மூன்றாகப் பிரிகிறது. கோவலன், கண்ணகி, சமணத் துறவி கவுந்தியடிகள் மூவரும் உறையூரைக் கடந்து தெற்கே வரும்போது, மேற்கு மலைப் பக்கத்து மாங்காட்டைச் சேர்ந்த முதிய மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, வலப்பாதையில் என்ன, இடப்பாதையில் என்ன, நடுப்பாதையில் என்ன என்று அவன் விரிவாக விளக்குகிறான். பிரியும் பாதைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும், ஒரு ஆபத்தும்! விளையாட்டு வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய பாதி வேலையை இளங்கோவடிகள் முன்னமே செய்து வைத்திருக்கிறார்.

இந்தப் படியிலேயே உரிமைப் பிரச்சினையையும் பார்த்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலின் காப்புரிமை அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960-இல் இறந்தவரின் எழுத்து 2020 முடியும்வரை காப்புரிமைக்கு உட்பட்டது. அதன்பின் எவரும் பயன்படுத்தலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கும் தடை இல்லை. பாரதியின் எழுத்துகளின் உரிமையை அரசு 1949-இலேயே பெற்று, பின்னர் பொதுவாக்கியது. பழந்தமிழ் மூலத்துக்குக் காப்புரிமை என்ற பேச்சே இல்லை. புதியவர்கள் சறுக்கும் இடம் உரைதான். மூலம் பொதுச்சொத்து என்பதால் அண்மைக் கால உரையாசிரியர் ஒருவரின் விளக்க வரிகளை அப்படியே எடுத்துத் திரையில் போட்டுவிடுகிறார்கள். அந்த உரை அவருடையது. உ.வே.சாமிநாதையர் 1892-இல் அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்ததைப் போன்ற பழைய பதிப்புகளைப் படித்து, உங்கள் சொந்த நடையில் எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாம் படி: வினைகளை எண்ணுதல்

இந்தப் படியில்தான் அதிக நாட்களைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. கணினியைத் திறக்காதீர்கள். தேர்ந்த பகுதியை அச்செடுத்து, பாத்திரங்கள் செய்யும் ஒவ்வொரு வினையின் கீழும் கோடிடுங்கள். பெயர்ச்சொற்களையும் வருணனைகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வருணனை பிறகு ஓவியருக்கும் இசைஞருக்கும் உதவும். விளையாட்டு என்பது விளையாடுபவர் மீண்டும் மீண்டும் செய்யும் செயல் ஒன்றின் மேல் கட்டப்படுவது. அந்தச் செயல் நூலுக்குள்ளிருந்து வந்தால் விளையாட்டு அந்த நூலுடையதாக இருக்கும். வெளியிலிருந்து வந்தால் நூலின் பெயர் மேலட்டையில் மட்டும் இருக்கும்.

காடுகாண் காதையில் நான் கோடிட்ட வினைகள் இவை: நடத்தல், வழி கேட்டல், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருத்தல், மறுத்தல், நீர் தேடிப் போதல், ஐயப்படுதல், கேட்டதை நினைவுகூர்தல், நீர் கொண்டுவந்து கொடுத்தல். இந்தப் பட்டியலில் வாள்வீச்சு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். என் இரண்டாம் முயற்சியில் நடுக்காட்டில் கள்வர் கூட்டம் ஒன்றை நானாகவே புகுத்தி, கோவலன் கையில் ஒரு கழியைக் கொடுத்துச் சண்டையிடச் செய்தேன். விளையாடிய நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் செல்வத்தை இழந்து, குற்ற உணர்வோடு மனைவியுடன் நடக்கும் வணிகன் அங்கே காணாமல் போயிருந்தான். சண்டை கூடாது என்று நான் சொல்லவரவில்லை. போர்க்களத்தைப் பாடும் நூலை எடுத்தால் சண்டைதான் அதன் வினை. எடுத்த பகுதியில் எது இருக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

வினைகளை எழுதிய பின், எந்த வினை எந்த வினைக்குக் காரணமாகிறது என்று அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள். காடுகாண் காதையின் சிறப்பு அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. நடுப்பாதையில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்று மறையோன் முன்கூட்டியே எச்சரிக்கிறான். அடுத்து, நீர் தேடிப் பொய்கைக்குச் செல்லும் கோவலன் முன் அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து, காலில் விழுந்து அழுகிறது. கோவலன் ஒரு கணம் தடுமாறினாலும், மறையோன் சொன்னது நினைவுக்கு வர, மந்திரம் ஒன்றை ஓதி உண்மையை அறிகிறான். தெய்வம் தன் உருவத்தை ஒப்புக்கொண்டு விலகுகிறது. அவன் தாமரை இலையில் நீர் ஏந்தி வந்து கண்ணகிக்குக் கொடுக்கிறான். முன்னால் கொடுக்கப்பட்ட குறிப்பு பின்னால் உதவுகிறது. ‘கேட்டல்’ என்ற வினையிலிருந்து ‘நினைவுகூர்தல்’ என்ற வினைக்குப் போன அந்த அம்புக்குறியே என் விளையாட்டின் முதுகெலும்பு ஆயிற்று.

இடப்பாதையைப் பற்றியும் ஒரு சொல். அது திருமாலிருஞ்சோலை வழியாகச் செல்வது. அங்கே ஒரு பிலம் (குகை), பிலத்தில் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள், நீராடினால் முறையே இலக்கண அறிவு, பழம்பிறப்பின் அறிவு, நினைத்ததெல்லாம் பெறுதல். வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றிக் கேள்வி கேட்பாள். விடை சொன்னவருக்குக் கதவு திறக்கும். இதைப் படித்தபோது, இன்றைய பெரிய விளையாட்டுகளில் முதன்மைக் கதைக்குப் பக்கத்தில் வைக்கப்படும் கிளைப்பணி அச்சு அசலாக இதுதானே என்று வியந்தேன். கவுந்தியடிகளோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுவோருக்கு அடைய முடியாத பொருள் எதுவும் இல்லை, ஆகவே அந்தப் பிலத்துக்குள் புக வேண்டியதும் இல்லை என்று மறுத்துவிடுகிறார். மறுத்தலும் ஒரு வினை. அதை எப்படி விளையாட்டாக்குவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: விதியை ஒரு வாக்கியத்தில் எழுதுதல்

வினைகள் கிடைத்ததும், உங்கள் விளையாட்டு எந்த விதிப்படி இயங்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள். என்னுடையது இது: ‘வழியில் கேட்டவற்றுள் எதை நினைவில் வைத்துக்கொள்வது என்பதை விளையாடுபவர் தேர்கிறார், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது.’ மறையோன் ஏழு செய்திகள் சொல்கிறான். விளையாடுபவர் மூன்றை மட்டுமே மனத்தில் இருத்தலாம். இதன்பின் நான் சேர்க்க நினைத்த ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்தின் முன் நிறுத்திப் பார்த்தேன். மழைத்துளி, மான்கூட்டம், மதிப்பெண் பட்டியல் என்று பல ஆசைகள் அதன்முன் நிற்க முடியாமல் போயின.

பிறமொழிகளில் இவ்வகையில் நன்றாக வந்த இரண்டு விளையாட்டுகளைப் பாருங்கள். 2014-இல் இங்கிள் நிறுவனம் வெளியிட்ட ‘80 டேஸ்’ பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்னின் உலகப் பயண நாவலிலிருந்து பிறந்தது. விளையாடுபவர் அதில் உலகைச் சுற்றிவரப் புறப்படும் செல்வந்தராக வராமல் அவருடைய பணியாளராக வருகிறார். எந்த ஊர்தியில் போவது, பெட்டியில் எதை எடுத்துச் செல்வது, பணத்தை எப்படிக் காப்பது என்பவையே அவர் வேலை. 2017-இல் டிரேசி ஃபுல்லர்டன் தலைமையில் வெளிவந்த ‘வால்டன், எ கேம்’ அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் குளக்கரை வாழ்வை எடுத்துக்கொண்டது. அங்கே உணவு, உறைவிடம், உடை, விறகு ஆகியவற்றுக்கான உழைப்பும், இயற்கையைப் பார்த்து மனம் நிறைவதும் ஒன்றுக்கொன்று இழுபடுகின்றன. இரண்டிலும் நூலின் நிகழ்ச்சிகளைவிட நூல் இயங்கும் முறையே எடுத்தாளப்பட்டிருக்கிறது.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையாயிற்றே என்ற கேள்வி தமிழ் நூல்களை எடுப்போருக்குக் கட்டாயம் வரும். கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது என்பதை அறியாத தமிழர் அரிது. முடிவை மாற்றி, கோவலனைக் காப்பாற்றும் வழி ஒன்றை வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். என் பதில், வேண்டாம் என்பதே. சிலம்பில் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்; அதைத் தட்டிவிட்டால் நீங்கள் வேறு கதை சொல்கிறீர்கள். அதற்கு மாறாக, முடிவுக்கு முன்பே விளையாட்டை நிறுத்துங்கள். என் விளையாட்டு வையையின் கரையில், மதுரையின் மதிற்கொடிகள் தொலைவில் தெரியும் இடத்தில் முடிகிறது. அங்கே சோகம் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. விளையாடுபவருக்குத் தெரிந்திருப்பதே போதும். விளையாடுபவரின் தேர்வால் மாறுவது ஒன்றே ஒன்று: வழியில் கண்ணகி எவ்வளவு தாகத்தோடு காத்திருந்தாள் என்பது.

புகாரை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே மதுரை எவ்வளவு தொலைவு என்று கண்ணகி கேட்க, கோவலன் முப்பது காதத்தை ‘ஆறைங்காதம்’ (ஆறு ஐந்து காதம், ஆனால் ஆறோ ஐந்தோ காதம் என்றும் காதில் விழும்) என்று சொல்லிச் சிரிப்பது நாடுகாண் காதையில் வருகிறது. அதை நான் தூரங்காட்டும் பட்டையாக மாற்றினேன். திரையின் மேலே கோவலன் சொல்லும் தூரம். மீதமுள்ள உண்மைத் தூரம் எங்கும் காட்டப்படாது. நடக்க நடக்க அவன் சொல் நம்பத்தகாதது என்று விளையாடுபவருக்கே புரிந்துவிடும். நூலில் ஒரு சொல்லாக இருப்பது விளையாட்டில் ஒரு கருவியாவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நான்காம் படி: தாளில் விளையாடிப் பார்த்தல்

ஒரு சார்ட் தாள், வெட்டிய அட்டைச் சீட்டுகள், புளியங்கொட்டை. இவ்வளவுதான். ஒவ்வொரு காட்சியையும் ஒரு சீட்டில் எழுதி, சீட்டின் அடியில் அங்கிருந்து எங்கே போகலாம் என்று குறியுங்கள். புளியங்கொட்டைகள் தாகத்தின் அளவு. ஒருவரை எதிரில் உட்கார வைத்து, நீங்களே கணினியாக இருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுங்கள். முப்பது சீட்டுகளுக்கு மேல் போனால் குறையுங்கள்.

இங்கே எங்கள் எல்லை ஊருக்கே உரிய ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். தாளில் வரைந்த முதல் வரைபடத்தில் இன்றைய மாநில எல்லையையும் நான் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தேன். குமுளியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்து விளையாட அமர்ந்த நான்கு பேரும் விளையாட்டை விட்டுவிட்டு, கோயில் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அரைமணி நேரம் வாதிட்டார்கள். கோட்டை அழித்தேன், விளையாட்டு தொடர்ந்தது. சேரர், பாண்டியர் நாட்டுப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டால் காப்பியத்துக்கும் அதுவே பொருத்தம்.

இன்னொரு தவறு நிலத்தைப் பற்றியது. கண்ணைத் திறந்தால் தெரியும் ஏலக்காட்டுப் பசுமையையே பின்னணியாக வரைந்துவிட்டேன். ஆனால் கொடும்பாளூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி வறண்ட நிலம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற புகழ்பெற்ற விளக்கத்தை மறையோன் சொல்வதும் இதே காதையில்தான். அதைச் சரியாகக் காண, மலையிறங்கி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் ஒரு சித்திரை மதியம் போய் நின்றேன். வெள்வேலும் கள்ளியும், நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகளும் அங்கே கிடைத்தன. பிறகு விளையாட்டில் பகல் ஏற ஏற அதே நிலத்தின் நிறம் பச்சையிலிருந்து சாம்பலுக்கு மாறுமாறு செய்தேன். நூல் எந்த நிலத்தைச் சொல்கிறதோ அந்த நிலத்துக்குச் செல்லுங்கள். வீட்டு வாசலில் இருக்கும் நிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு நூலுக்கு உதவட்டும்.

ஐந்தாம் படி: கருவியைத் தேர்ந்து கட்டுதல்

சொற்களால் நடக்கும் விளையாட்டுக்கு ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். கிறிஸ் கிளைமஸ் 2009-இல் வெளியிட்டது. உலாவியிலும் இயங்கும், கணினியில் நிறுவியும் பயன்படுத்தலாம். உங்கள் அட்டைச் சீட்டு ஒவ்வொன்றும் ட்வைனில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் உரையை எழுதி, அடுத்த பெட்டியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது இணைப்பாக மாறும். அப்பெயரில் பெட்டி இல்லையென்றால் ட்வைனே புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். தாகம், நினைவில் வைத்த செய்தி போன்றவற்றைக் குறித்துவைக்க ‘மாறி’களைப் பயன்படுத்த வேண்டும். அவற்றின் பெயர் டாலர் குறியுடன் தொடங்கும். பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்வது தொல்லையைக் குறைக்கும். முதல் நாள் பெட்டியும் இணைப்பும் மட்டும், இரண்டாம் நாள் ஒரு மாறி, மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை என்று போனால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

உலாவியில் ட்வைனைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது: நீங்கள் எழுதுவது இணையத்தில் எங்கோ சேமிக்கப்படுவதில்லை, அந்த உலாவியின் சேமிப்பிலேயே கிடக்கிறது. நகரத்து இணைய மையம் ஒன்றில் இருந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு, யாரோ உலாவியின் தரவுகளைத் துடைத்துவிட்ட ஒரு காலையில் பதினெட்டுப் பெட்டிகள் போயின. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கதையைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேதியைப் பெயரில் சேர்த்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

ட்வைன் தரும் இறுதிக் கோப்பு ஒரு எச்.டி.எம்.எல். பக்கம், அதாவது ஓர் இணையப் பக்கம். அதனால் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வேலையை உலாவியே பார்த்துக்கொள்கிறது. படங்களும் நகரும் உருவங்களும் உள்ள விளையாட்டுக்குப் போகும்போதுதான் தமிழ் சோதனை செய்யும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைத் திரையில் காட்டப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ எழுத்துகளைக் கோப்பதில்லை; ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதே வகை மென்பொருளான கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆகவே தமிழில் செய்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போல, விளையாட்டோடு சேர்த்து வழங்க உரிமம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய அச்சகக் கோப்புகளிலிருந்து உரையை எடுப்பதாயின் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிக இடைவெளி விடுங்கள். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் ஒன்றையொன்று இடிக்காது.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சாவதுபோல் தோன்றும் உத்தி பலருக்குப் பிடிக்கும். தமிழில் அதை அப்படியே போட்டால் அலங்கோலமாகும். ‘கண்ணகி’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடுகள். குறியீடு குறியீடாகக் காட்டினால் ‘ண’ முதலில் வந்து, பிறகு தலையில் புள்ளி விழும். முழு எழுத்தாகப் பிரித்துக் காட்டுங்கள், அல்லது சொல் சொல்லாகக் காட்டுங்கள். எனக்கு இரண்டாவதே பிடித்தது. பேச்சின் தாளத்துக்கு அது நெருக்கமாக இருந்தது.

ஆறாம் படி: எந்தத் தமிழில் பேசுவது

கோவலனைச் செய்யுள் நடையில் பேசவைத்தால் விளையாடுபவர் உரை தேடி ஓடுவார். கம்பத்துப் பேச்சில் பேசவைத்தால் சிரிப்பார். எளிய எழுத்துத் தமிழ், சிறிய வாக்கியங்கள், அயற்சொல் கலவாத உரையாடல் என்பது நான் வந்துசேர்ந்த இடம். ஒரு திரையில் அறுபது சொற்களுக்கு மேல் வேண்டாம். கைப்பேசித் திரையில் அதுவே நிறைய. மூல வரிகளை இரண்டு மூன்று இடங்களில் மட்டும், அதுவும் செயலிலிருந்தே பொருள் விளங்கும் இடத்தில் வையுங்கள். விளிகளையும் கவனிக்க வேண்டும். கவுந்தியடிகளை மற்ற இருவரும் ‘நீ’ என்று அழைத்துவிட்டால் ஒரே திரையில் அந்தத் துறவியின் மதிப்பு போய்விடும்.

ஏழாம் படி: சோதித்தல்

விளையாட்டைக் கொடுத்துவிட்டு அருகில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது மிகக் கடினமான வேலை. விளக்கம் சொல்லாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே படிக்காமல் தாண்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் மறையோனின் பேச்சு முழுவதையும் தட்டித் தள்ளிவிட்டு, பொய்கைக் கரையில் வசந்தமாலையை நம்பி ஏமாந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அண்ணே, அந்தத் தாத்தா பேசிக்கிட்டே இருக்காரு. முடிஞ்சப்புறம் சொல்லுங்கன்னு அமுக்கிட்டே வந்துட்டேன்.”

பேச்சை இன்னும் சுருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். சுருக்கியும் பயனில்லை, அடுத்தவரும் தாண்டினார். பிறகுதான், கேட்டல் என்பது விளையாட்டின் மைய வினையாக இருக்க, கேட்கும்போது விளையாடுபவரின் கைக்கு நான் வேலையே கொடுக்கவில்லை என்பது உறைத்தது. இப்போது மறையோன் மணலில் சூலம் வரைகிறான். விளையாடுபவர் தன் விரலால் ஒவ்வொரு கிளையையும் தொட்டால்தான் அந்தப் பாதையைப் பற்றிய செய்தி வரும். தொட்டவற்றுள் மூன்றை முந்தானையில் முடிச்சிடுவதுபோல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே பெண் மறுவாரம் விளையாடியபோது, “இந்தத் தெய்வத்த வச்சுக்கறேன், பொய்கைய விட்டுடறேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சோதிப்பவர்களுள் நூலை அறியாத ஒருவரையும், நூலைக் கரைத்துக் குடித்த ஒருவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாமவர் விளையாட்டின் குறையைக் காட்டுவார். இரண்டாமவர் உங்கள் வாசிப்பின் குறையைக் காட்டுவார். எனக்கு அப்படிக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர். கேரளத்துப் பகவதி கோயில்கள் உள்ள கொடுங்கல்லூரோடும் ஆற்றுக்காலோடும் கண்ணகியைச் சேர்த்தே நினைக்கும் அவர், என் கண்ணகி கோவலனுக்குப் பின்னால் மட்டுமே நடப்பதைச் சுட்டிக்காட்டி, தாகத்தோடு காத்திருக்கும் நேரத்தில் அவள் எதைப் பார்க்கிறாள், எதைக் கேட்கிறாள் என்று கேட்டார். கண்ணகியின் பார்வையில் மூன்று பெட்டிகள் அதன்பின் சேர்ந்தன.

இடப்பாதைக்கு வருகிறேன். சோதித்தவர்களுள் பெரும்பாலோர் பிலத்துக்கே போக விரும்பினார்கள். பொய்கையும் கேள்வியும் கதவும் இருக்கும்போது யார்தான் நடுப்பாதையில் போவார்? முதலில் அந்தத் தெரிவையே நீக்கியிருந்தேன். பிறகு திரும்ப வைத்தேன். விளையாடுபவர் இடக்கிளையைத் தொடலாம். தொட்டால் கவுந்தியடிகள் தம் காரணத்தைச் சொல்லி நடுப்பாதையில் நடக்கத் தொடங்குவார். மீண்டும் தொட்டால் அவர் திரும்பிப் பார்க்காமல் இன்னும் சற்றுத் தொலைவு போயிருப்பார். கதவு திறப்பதேயில்லை. எரிச்சலடைந்தவர்கள் உண்டு. விளையாட்டு முடிந்தபின் அதிகம் பேசப்படும் இடமும் அதுவே என்பதால் அதை மாற்றவில்லை.

எட்டாம் படி: வெளியிடுதல்

‘இட்ச் டாட் ஐஓ’ தளத்தில் கணக்குத் தொடங்கி, இறுதிக் கோப்பைப் பதிவேற்றினால் எவரும் உலாவியிலேயே விளையாடலாம், கட்டணம் இல்லை. ஆனால் மலைப்பகுதித் தோட்டங்களில் சிக்னல் கிடைப்பதே அரிது என்பதால், கோப்பை வாட்ஸ்ஆப்பிலோ புளூடூத்திலோ கைமாற்றும் வகையிலும் தயார்செய்யுங்கள். படங்களையும் எழுத்துருவையும் தனிக் கோப்புகளாக வைத்தால் அனுப்பும்போது அவை பின்தங்கிவிடும். எல்லாவற்றையும் அந்த ஒரே பக்கத்துக்குள் உட்பொதியுங்கள். படங்களின் அளவைக் குறைத்து, மொத்தக் கோப்பையும் ஓரிரண்டு எம்.பி.க்குள் நிறுத்தினால் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் தடங்கலின்றி ஓடும். முதற்பக்கத்திலேயே எந்த நூலின் எந்தப் பகுதி, எங்கெல்லாம் நீங்கள் உங்கள் கற்பனையைச் சேர்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். தாகக் கணக்கும் மூன்று முடிச்சுகளும் என்னுடையவை, மூன்று பாதைகளும் பொய்கைகளும் இளங்கோவடிகளுடையவை என்று நான் எழுதியிருக்கிறேன்.

வெளியிடும் தேதி ஒன்றை முன்பே குறித்துக்கொள்ளாவிட்டால் திருத்தம் முடியாது. எனக்குச் சித்திரை முழுநிலவே தேதியாக அமைந்தது. குமுளியில் ஜீப்புக்கான வரிசை அதிகாலையிலேயே நீண்டுவிடும். முன்னால் நின்ற குடும்பத்தின் கைப்பேசிக்குக் கோப்பை அனுப்பினேன். அவர்கள் முறை வருவதற்குள் வையைக் கரை வரை வந்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பாட்டி மட்டும் பேரனின் கையிலிருந்த திரையில் மதிற்கொடிகளைப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல அமுக்காத” என்றார்.